இரைப்புன மறுப்பு

சேலமாநகரிற் கோயில்கொண்டருளும் இறைவர்க்குச் சுகவனேசுரர் என்பது திருநாமம். சுகம் என்பது கிளி. சுகமுனிவர் கிளியுருக்கொண்டு தம் இனத்தோடு அங்கு வழிபட்டனர் என்றும், விளைபுனத்துத் தானியங் கவர்ந்த கிளிகளின்மேற் சினங்கொண்டு துரத்திவந்த வேடனொருவன் வாளோச்சிய காலத்து அரசக்கிளி தன் சிறகிரண்டனையும் விரித்துச் சிவலிங்கத்தை மூடிக் காத்து உயிர்நீத்தது என்றும், அவ்வெட்டு இறைவர் திருமுடியினும் பட்டுக் குருதி பெருகிற்று என்றும் அத்தல வரலாறு கூறும். பயிருண்ட பறவை, அதன்மேற் சினந்த வேடன், இருவர்க்கும் நடுவே வெட்டுண்ட இறைவர் என மூவரையும் நினைப்பூட்டும் அத்தலத்தின் மேலுள்ள மலையிலே, மானும் பறவையும் வந்துண்ணற்பொருட்டே பயிர் விளைத்து, வந்துண்பனவற்றைச் சுட்டு வீழ்த்துதல் தக்கதே என்றொரு வழக்கு எழுமாயின், அதனைச் சைவர் ஆராயாது விடுதல் கூடாது.

அம்மலை சேர்வராயன் மலை. சேலத்தினின்றும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைவழியில் ஏற்காடு உளது. சேர்வராயன் கொடுமுடி 1,623 மீட்டர் உயரமுடையது. அதன்கண் உள்ள குகைக்கோயிலிற் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். மே மாதத்தில் அங்கு விழா நிகழும். 1820-ஐ அடுத்த ஆண்டுகளிற் சேலத்தின் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் காபிப்பயிரை அங்குப் புகுத்தினார். அதுமுதற் காடு தோட்டமாயிற்று. ஆயினும் காடு முற்றும் அழிந்திலது. காபிச்செடிகளின் நிழன்மரங்களுக்கிடையே காட்டெருமை உலவுகின்றது; புதர்களிற் கேழையாடும் காட்டுப்பன்றியும் காட்டுக்கோழியும் கௌதாரியும் வாழ்கின்றன. அம்மலையின் பழங்குடியினராய மலையாளிகள், காஞ்சியினின்றும் போந்த உடன்பிறந்தார் மூவர் வழியினர் தாம் எனக் கூறுவர். அவர்தம் புனங்களிற் சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும். விளைந்த புனத்திற்குக் காவல் வேண்டும். பரண்மேல் இருந்து பறையறைந்தும் கவண் வீசியும் கூவியும் புள்ளையும் மாவையும் ஓட்டுதல் குறிஞ்சிநிலத்தின் பழந்தொழில். அவர்களிடையே வேட்டைவழக்கு இருந்ததென்பதை மறைத்தல் வேண்டா. எனினும் அவர் புனம் உண்டற்கு விளைத்த புனம். கொல்லுதற்கு விளைத்த புனமன்று.

வள்ளியம்மையார் வரலாறும் இதனையே காட்டும். மானின் வயிற்றிற் றோன்றி, வேடர் கிழங்ககழ்ந்த குழியிற் கிடந்து, நம்பியரசனால் வளர்க்கப்பெற்ற அப்பிராட்டியார் தினைப்புனங் காத்த செய்தியைக் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்து இறுதிப் படலத்தில் விரித்துரைத்தனர். மான் ஈன்ற மகள் புனத்திற்குக் காவலாயினாள். காவலாவது ஓட்டுதல். ஆலோலம் என்று கூவிய குரலுக்குப் பறவை எழுந்து பறந்து போயிற்று. மாலையில் மற்றொரு புனம் நாடிற்று. பயிருடையார்க்கும் பறவைக்கும் அந்நாளில் இருந்த வழக்கு அவ்வளவே.

இனி, மேல்நாட்டார் வேறொன்று கண்டனர். வடவமெரிக்காவில் வேட்டையாடுவோர் காட்டின் விளிம்பிலே கால் ஏக்கர் முதற் சில ஏக்கர் வரையுள்ள நிலத்தைத் திருத்தி, குளோவர் என்னும் பசும்புல், டர்னிப் என்னும் கிழங்குச்செடி, சோயா, மக்காச்சோளம், சூரியகாந்தி முதலியவற்றை விதைக்கின்றனர். அப்பயிரை மனிதர் அறுப்பதில்லை. மான் வந்து மேயவேண்டும்; புறாவும் பிறவும் வந்து பொறுக்கவேண்டும்; அதுவே அவ்விளைவின் பயன். இதனை ஈண்டு இரைப்புனம் என வழங்குவாம். எம்மண்ணிற்கு எவ்விதை ஏற்கும், எப்பயிர் உறைபனி விழுந்தபின் இனிமையேறி மானை ஈர்க்கும், மான் காட்டினின்று எவ்வழி வெளிப்படும், காற்று எத்திசையினின்று வீசின் மனிதவாடை அதன் மூக்கிற்கு எட்டாது என்பனவெல்லாம் நுணுகி ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கின்றனர். தானே படம்பிடிக்குங் கருவியை மரத்திற் கட்டி, எந்த மான் எந்நேரத்தில் வருகின்றதென்று நாட்குறிப்பும் வைப்பர். ஒரு மகவின் பசிநேரத்தை அதன் தாய் அறிதல்போல இவர் அம்மானின் பசிநேரத்தை அறிகின்றனர். அறிந்தது எதற்கு? பெரிய புனத்தில் விலங்கினை ஊட்டி அவ்வட்டாரத்திலேயே தங்கச் செய்து, அதனை விட்டுச் சிறிது விலகி, அடர்ந்த புதரையொட்டி, அம்பும் குண்டும் தப்பாத அளவிற்குச் சிறியதாய் மற்றொரு புனம் வகுப்பர். அச்சிறுபுனத்திற்குக் கொலைப்புனம் என்னும் பொருள்பட அவர்களே பெயரிட்டுள்ளனர். பெயரிலேனும் அவர்கள் பொய்யுரைத்திலர்.

ஆங்கிலநாட்டில் இவ்வழக்கம் இன்னும் பெருகிற்று. பெசண்டு என்னும் கோழியினப் பறவைகளை மனிதரே குஞ்சு பொரிப்பித்து வளர்த்து, ஆண்டிற்கு மூன்று கோடி அளவில் வெளியே விடுகின்றனர். அவை தங்குதற்கும் தின்றற்கும் மக்காச்சோளம் முதலியவற்றை வரப்போரங்களிற் கீற்றுக் கீற்றாக விதைக்கின்றனர். பின்னர் ஆள்விட்டு எழுப்பிச் சுடுகின்றனர். தீற்றி வளர்த்த கைகளுக்கும் சுடுங் கைகளுக்கும் இடையே சில திங்களே உள.

அமெரிக்கச் சட்டம் இவ்விடயத்திற் செய்துள்ள பாகுபாடு நகைதருவது. அந்நாட்டரசு 1918-ஆம் ஆண்டில் வலசைப்பறவைகளைக் காத்தற்குச் சட்டமியற்றிற்று. தானியத்தைத் தூவி அதன்மேல் வந்திறங்கும் வாத்து முதலிய நீர்ப்பறவைகளைச் சுடுதல் 1935-ஆம் ஆண்டுமுதல் விலக்கப்பட்டது. ஆயின் புறாவிற்கு நெறி வேறு. சூரியகாந்தியையோ தினையையோ விதைத்து, முற்றியபின் நின்றவாறே வெட்டிச் சாய்த்து, உதிர்ந்த மணிகளை நாடிவரும் புறாக்களைச் சுடலாம். சாக்கிற் கொணர்ந்து தூவின் குற்றம். மூட்டையினின்று விழுந்த மணி வஞ்சனை. கதிரினின்று விழுந்த மணி உழவு! புறாவின் அலகிற்கு இவ்வேறுபாடு விளங்குமோ? சட்டஞ்செய்தார்க்கு வேண்டுவது பறவை ஒருங்கே அழிந்துபோகாமை. அதனளவில் அவர் செய்தது தக்கதே. அறம் வினவுவார்க்கு அவ்வளவிற் கேள்வி தீர்ந்ததாகாது.

இத்தொழிலை நன்றென நாட்டுவார் கூறுவன பல. 'பட்டினி கிடக்கும் விலங்கிற்கு உணவு தருகின்றோம். நூறு மான் உண்ண ஒன்றிரண்டே இறக்கின்றன. ஆதலின் இஃது அறமே' என்பர். சைவநூற் பயிற்சி சிறிதுடையார் இன்னும் மேற்சென்று, 'கண்ணப்பர் வேட்டுவரல்லரோ? அதிபத்தர் வலைவீசினாரல்லரோ?' என வினவுவர். அவரினும் நுண்ணியராகத் தம்மைக் கருதுவார், 'பார்வை காட்டி மானைப் பிடித்தலை உமாபதி சிவாசாரியரே திருவருட்பயனில் இறைவனது அருட்செயற்கு உவமையாக்கினர். ஆகலின் ஈர்த்துப் பிடித்தல் இழிதொழிலன்று' என்பர். இவற்றை ஆராய்வாம்.

உணவு தருதல் அறமென்பது மெய். அஃது அறமாவது, உண்பார் பசி தீர்தலே பயனாக நிற்கும்வழி என்க. இளையான்குடிமாற நாயனார் வறுமையுற்ற காலத்து, மழைபெய்யும் நள்ளிரவிற் சிவனடியார் கோலங்கொண்டு இறைவர் எழுந்தருள, வீட்டிற் குன்றிமணியளவும் தானியமின்மையின், பகலில் விதைத்த முளைநெல்லை இருட்டிற் காலாற் றடவிச் சென்று கூடையில் வாரிவந்து அமுதாக்கினார் என்பது பெரியபுராணம். தம் குடும்பத்தின் ஓராண்டு வாழ்வாகிய வித்தினை வந்தார்க்கு உணவாக்கினார் அவர். இரைப்புனமிடுவாரோ, வருவாரை உணவாக்கிக்கொள்ளுதற்கு வித்திடுகின்றார். இரண்டிலும் வயல் உண்டு, வித்து உண்டு, உண்ணவருவோர் உளர். வித்து எப்பக்கம் பாய்கின்றதென்பதே வேறுபாடு.

மெய்ப்பொருள் நாயனார் சரிதமும் ஈண்டுக் கருதற்பாலது. முத்தநாதன் போரில் அவரை வெல்லமாட்டாது பலகாற் றோற்றபின் கொண்ட சூழ்ச்சி யாது? திருநீறு பூசிச் சடைமுடித்து, புத்தகம்போன்ற கட்டினுள் வாளை மறைத்துச் சென்றான். அவ்வேந்தர் எதற்கு அஞ்சார், எதனைக் கண்டாற் பணிவார் என்பதை அறிந்து, அதனையே உறையாக்கினான். சேக்கிழார் அவனை வெறுத்துரைக்கும் வெறுப்பு, கொன்றதற்கு மட்டுமன்று. நம்பத்தக்க ஒன்றனைக் கொலைக்கு உறையாக்கியதற்கும் ஆம். மானுக்குத் திருநீறு தெரியாது, பசும்பயிர் தெரியும். பிறந்தநாள்தொட்டு அது நம்பிவந்த பொருள் உலகில் ஒன்றேயாயின், அது பச்சிலையே. அப்பச்சிலையின் பின்னே துப்பாக்கியை வைத்தவன் முத்தநாதன் செய்ததற்கு வேறாக யாது செய்தான்? வேந்தர் இறக்குந் தறுவாயினும் வேடத்தை வணங்கிப் பேறு பெற்றார். மானுக்கு அதுவுமில்லை.

நூற்றுக்கு ஒன்றிரண்டே என்னுங் கணக்கும் பிழை. அப்புனத்தில் ஒரு கவளமும் தருமமாக இடப்படவில்லை. இன்று உண்டு மீண்ட மான் நாளை உண்டு வீழ்தற்கு விடப்பட்டது. வலைஞன் தூண்டிலிற் கோத்த புழுவை மீனுக்குக் கொடையென்று கணக்கெழுதுவார் உளராயின், இதனையும் கொடையென எழுதுக.

கண்ணப்பர் வேட்டுவரே, அதனை எச்சைவரும் மறைத்திலர். ஆனால் அவர்தம் வேட்டை எதனால் எழுந்தது என்பதைச் சேக்கிழார் தெளிவாகவே கூறினார். திங்கள்தோறும் நிகழும் வேட்டை தாழ்த்தமையின், மலைச்சாரற் புனங்களெங்கும் பன்றியும் கரடியும் கடமையும் ஆமாவும் மரையும் மானும் நெருங்கி மேலிட்டன. வேடரெல்லாந் திரண்டு நாகன்பாற் சென்று முறையிட்டனர். அவன் முதுமையாற் றளர்ந்தமையின் திண்ணனார் தலைமையேற்றுக் கன்னிவேட்டைக்கு எழுந்தனர். ஆகவே உடுப்பூரார் பயிரைக் காத்தற்கு வேட்டையாடினர். இவரோ வேட்டையாடுதற்குப் பயிரை இடுகின்றனர். தலைகீழான இவ்விரண்டனையும் ஒன்றென்று கூறுவார் பெரியபுராணத்தைக் கதையளவிற் கேட்டவரே, கற்றவரல்லர்.

அவ்வேட்டையில் நாயும் இருந்தது, வலையும் இருந்தது. அதனையும் மறைத்தல் வேண்டா. எனினும் யானைக்கன்றினை அவர் தொடர்ந்திலர், இளங்குருளைகளைக் கொன்றிலர், சூலுற்றுத் தளர்நடையிடும் பிணையை வருத்திலர். அப்பெருங்கொலைக்களத்தினுள்ளும் இவ்வரம்பைச் சேக்கிழார் தனித்தெடுத்துக் காட்டினமை நோக்கத்தக்கது. ஓடும் விலங்கிற்குக் காடு இருந்தது. திண்ணனார் துரத்திய பன்றி நெடுந்தொலை ஓடிற்று. நாணனும் காடனும் உடன்றொடர்ந்து களைத்தனர். இரைப்புனத்தில் ஓட்டமில்லை; தலைகுனிந்து மேய்தலே உளது. பின்னும், வேட்டுவத்தொழில் நாயனார்க்கு உய்திதந்தது என எவரும் கூறார். காளத்தியிற் குடுமித்தேவரைக் கண்டபின் வில்லும் வேட்டையும் குடியும் கூட்டமும் அவர்க்கு மறந்தன. தந்தையும் கூட்டத்தாரும் வந்தழைத்தும் மீண்டிலர். உய்தி தந்தது அன்பு. அன்பை விடுத்து வில்லைமட்டும் எடுத்துக்கொள்வார்க்குக் கண்ணப்பர் சான்றாகார். அதிபத்தர்க்கும் இஃதொக்கும்: குலத்தொழிலாற் பிழைத்த பரதவர் அவர், பொழுதுபோக்கிற்கு வலைவீசிய செல்வரல்லர், பொன்மீனையும் இறைவர்க்கென்றே கடலில் விட்டவர்.

திருவருட்பயனை எடுத்துக்காட்டுவார்க்கு விடை சிறிது விரிவாகவே கூறல்வேண்டும். சாத்திர உவமையைத் தவறாகப் பற்றுதல், சாத்திரத்தைக் கல்லாமையினும் கேடு பயக்கும். அந்நூலின் ஐந்தாம் அதிகாரம் அருளுருநிலை. இறைவன் குருவாய், மனித உருவில், மனிதரிடை எழுந்தருளுதல் எதற்கு என்னும் வினாவிற்கு விடைகூறுமிடத்து, மானைக்கொண்டு மானைப் பிடித்தல்போல மக்களுருவைப் போர்வையாகக் கொண்டு மக்களை வயமாக்குகின்றான் எனும் பொருள்பட ஆசிரியர் பார்வை விலங்கினை உவமித்தனர். ஒவ்வுவது எது? தன்னினத்தைக் கண்டு அஞ்சாது அணுகுதல் என்னும் ஒருபுடையே. உவமை முற்றும் ஒவ்வாதென்பது தொடக்கமாணாக்கரும் அறிவர். முகம் தாமரை என்றாற் சேற்றையும் தண்டையும் முகத்திற் றேடுவாரில்லை. இறைவன் பிடித்தது பாசத்தினின்று விடுவித்தற்கு. வேடன் பிடிப்பது உயிரினின்று உடலை விடுவித்தற்கு. பிடித்தபின் நிகழ்வன ஒன்றற்கொன்று முற்றும் மாறு. அம்மாறுபாட்டை அறிந்தே ஆசிரியர் பிடித்தலளவில் நிறுத்தினர்.

இரைக்கும் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டையும் இவர் நோக்கிலர். சித்தாந்த நூல்களில் இரை யாருடைய கருவி? மெய்கண்டதேவர் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரத்தில் உயிரை வேடரிடை அகப்பட்டு வளர்ந்த அரசகுமரனாகவும், ஐம்புலன்களை அவ்வேடராகவும் வைத்தருளினார். அசுணம் ஓசையாலும், யானை ஊற்றினாலும், விட்டில் ஒளியாலும், மீன் சுவையாலும், வண்டு நாற்றத்தாலும் கெடுதலைப் புலன்வழிப்பட்ட உயிர்க்கு உவமையாகக் கூறுதல் ஆன்றோர் வழக்கு. மீனுக்குத் தூண்டிலிற் கட்டிய இரையே புலவின்பத்திற்குத் தொன்றுதொட்ட உவமை. ஆகவே ஆசிரியன்மார் கணக்கில் இன்சுவையைக் காட்டிக் கொல்லுதல் மலத்தின் தொழில்; ஐம்புல வேடர்தம் தொழில். இரைப்புனமிடுவார் திருவருளின் பக்கத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலே நிற்கின்றனர். தாம் அகப்பட்ட சூழ்ச்சியையே தம்மினும் மெலிய உயிர்க்குச் சூழ்கின்றனர்.

'விலங்கினைக் கொல்லுதலால் அதன் இழிபிறவி விரைவில் நீங்கும். அஃது உதவியே' என்பாரும் உளர். அற்றன்று. ஓருயிர் மானுடம்பெடுத்தது தன் வினைப்பயனை அவ்வுடம்பில் நுகர்ந்து கழித்தற்கு. அவ்வுடம்பினைத் தந்தான் இறைவன். அதன் எல்லையை வகுத்தானும் அவனே. இடையிற் புகுந்து அறுப்பவன் அவ்வுயிர்க்கு உதவியானாகான். தனக்கே ஆகாமியத்தை ஈட்டினான். அவ்வாதம் மெய்யாயின், நோயுற்ற தந்தைக்கும் அவ்வுதவியைச் செய்தற்கு அவர் முன்வருவரோ?

பாண்டியன் வேட்டையில் ஆண்பன்றியும் பெண்பன்றியும் இறந்தமையின் பசித்துக் கிடந்த குட்டிகள் பன்னிரண்டிற்கும் ஆலவாய்ப் பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து முலைகொடுத்தார் என்னும் திருவிளையாடலை இவர் ஒருகால் நினைப்பாராக. வேட்டையாடினான் அரசன், எச்சத்திற்குப் பாலூட்ட வந்தவர் இறைவர். தாருகவனத்து முனிவர் கொல்லுதற்கு ஏவிய மானையும் அவர் கொன்றிலர், கையில் ஏந்தினார். அம்மான் இன்றும் அங்கேயே உளது.

இனி, 'இந்நாட்டிற் சட்டமே தடுக்கின்றது. இவ்வளவு வாதம் எற்றுக்கு?' எனக் கடாவுவார்க்கு ஒரு சொல். தடுப்பது உண்மையே. ஆங்கிலேயர் காலத்தில் 1879-ஆம் ஆண்டு நீலகிரிக்கென இயற்றிய சட்டம் விலங்கையும் மீனையும் காப்பதெனப் பெயர்பெற்றது, காத்தது வேட்டையாடுவார்க்கே. இந்திய அரசின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறன்று. வேட்டை என்னுஞ் சொல்லிற்கு அச்சட்டம் கூறும் இலக்கணத்திற் கொல்லுதல், நஞ்சிடுதல், கண்ணிவைத்தல் முதலியவற்றோடு இரையிட்டு ஈர்த்தலும் அடங்கும், அம்முயற்சியும் அடங்கும். உரிமச்சீட்டுப் பெற்று வேட்டையாடும் வழியும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டது. தூவியதா விதைத்ததா என்னும் மேல்நாட்டு நுணுக்கத்திற்கு இங்கு இடம் அரிது. வடமொழியும் தமிழும் ஓதாத சட்டவறிஞர் சிலர், கொலைக்கு முன்னரே இரையிற் குற்றம் தொடங்குகின்றதென்று கண்டமை பாராட்டத்தக்கது. அறநூல் கற்றார் சிலர் அதனைக் காணாமையே வியப்பு.

சட்டம் கையைத் தடுக்கும்; கருத்தைத் தடுக்காது. பழத்தினுள் வெடிமருந்து பொதிந்து காட்டோரத்தில் வைக்கும் அவுட்டுக்காய் இன்னும் ஒழிந்திலது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்திற் பாலக்காட்டு மாவட்டத்து மண்ணார்க்காட்டை அடுத்து, பன்றிக்கென வைத்ததாகக் கூறப்படும் வெடியிரையைக் கடித்த சூல்யானையொன்று, வாய் சிதைந்து, உண்ணமாட்டாது, வெள்ளியாற்று நீரிற் பன்னாள் நின்று இறந்தது. அவ்வியானை பட்ட துயரை நாடே கண்டு கலங்கிற்று. கலங்கினார் பலர், ஆனால் இரைக்குள் வெடியிருப்பதற்கும் இரைக்குப் பின்னே துப்பாக்கி இருப்பதற்கும் அளவில் வேறுபாடு உண்டேயன்றி வகையில் வேறுபாடு இல்லையென எண்ணினார் சிலரே.

கடல்கடந்து வாழுஞ் சைவர்க்கு இத்தடையுமில்லை. அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் நம்மவர் மனைத்தோட்டம் வரை மான் வருகின்றது, அண்டையார் உரிமச்சீட்டு வாங்குகின்றனர், நண்பராக அழைக்கின்றனர். ஊனுண்ணாக் குடியிற் பிறந்த இளைஞர், 'சுடமாட்டேன். விதைத்தற்குமட்டும் உதவுகின்றேன்' என்று மண்வெட்டி எடுத்தல் நேர்தற்குரியதே. அவர் பொருட்டே இம்மறுப்பு முதன்மையாக எழுதப்பட்டது. மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது சித்தாந்தம். செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என்னும் மூவரும் பயனுண்பர். விதைத்த கையிற் குருதி படாமைபற்றி அக்கை தூயதாகாது.

பயிரழிக்கும் விலங்கினை யாது செய்தல் என்பது வேறொரு வழக்கு. அதனை இதனோடு கலத்தல் தகாது. ஏற்காட்டுத் தோட்டத்தார்க்குக் காட்டெருமையாலும் பன்றியாலும் வருந்துன்பம் மெய்யானது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாட்டரசு, காப்புக்காட்டின் எல்லையினின்றும் 3 கிலோமீட்டர்க்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுதற்கு இசைந்தது. அது நன்றோ தீதோ என வாதிடுவார் வாதிடுக. அங்கும் விலங்கு வந்தது தானாக, அழைக்கப்பட்டன்று. பயிரிழந்தான் கண்ணீரைக் காட்டிப் பயிரிட்டு அழைத்தவன் தப்பமுடியாது. காட்டெருமை தோட்டத்துட் புகுகின்றதெனப் புலம்புவாரே, மான் வரவேண்டுமென மற்றொருபால் மக்காச்சோளம் விதைப்பாராயின், புலம்பலைக் கேட்பார் யாவர்?

'கொல்லோம், விடுதியில் வந்து தங்குவார் கண்டு களிக்கவே விதைக்கின்றோம்' என்பார் உளராயின், அவர் செயல் கொலையன்று என்பதை ஒப்பலாம். ஆயினும் புகழத்தக்கதன்று. மலைச்சாலையில் ஊர்திகள் விரையும். தோட்டங்களில் நாய்கள் திரியும். மனிதனை அஞ்சுதலே காட்டுயிர்க்குக் கவசம். அக்கவசத்தைக் கைக்கவளத்தாற் கழற்றிவிட்டு, விடுதியின் பருவம் முடிந்தபின் கதவடைத்துக் கீழிறங்கிப் போவார், அம்மான் அடுத்துக் காணும் மனிதன் எத்தகையன் என எண்ணுவதில்லை. உயிர்க்கிரங்குவார்க்கு நெறி எளிது. தோட்டத்து ஒருமூலையைத் திருத்தாது புதராகவே விடுக. ஊற்றினை அடையாது விடுக. உதிர்ந்த பலாவையும் அத்தியையும் கூட்டி அள்ளாது விடுக. வருவன வரும், உண்டு போம், எவருங் காணவேண்டுவதில்லை.

எஞ்சியது கூலியாளர்பொருட்டு ஒன்று. மலைத்தோட்டங்களிற் குனிந்து விதைப்போர் பெரும்பாலும் மலையாளிப் பெண்டிரும் கீழ்நாட்டினின்று ஏறிவந்த ஏழையரும் ஆவர். எதற்கு விதைக்கின்றோம் என்பதை அவர்க்கு எவரும் கூறார். அறியாது விதைத்தார்க்கு அப்பழி இல்லை. அறிந்தபின், 'இது மானைக் கொல்லும் விதை; யான் இடேன்' என்று ஒருத்தி கூடையை இறக்கிவைப்பாளாயின், அன்றைக் கூலியை அவள் இழக்க நேரும். அக்கூலியைக் கொடுத்தல் அவ்வூர்ச் சைவர் கடன். சுகவனேசுரர் சந்நிதியில் நின்று கிளியின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கூறுவார் யாவர்க்கும் அக்கடன் உண்டு.